எலெ என்றால் வெற்றிலை

மைசூரில் நாங்கள் மூன்றாவதாகக் குடிபோன வீட்டில் ஒரு பலா மரம் இருந்தது. முன்னால் வீட்டுக்காரர்களின் ஓட்டு வீடு, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் ஒன்றரை அறை, இரண்டுக்கும் நடுவில் அந்த மரம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஏப்ரல் மாதம் அங்கே போனோம். வெயில் ஏறிவிட்டால் எங்கள் கூரைக்கு அடியில் மனுஷர் இருக்க முடியாது. என் கணவர் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தார், விடியும் முன்பே முதல் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். நான் பாயையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவேன். சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது என் வேலை. அந்த வீட்டில் எனக்குப் பிடித்த இடம் வாடகையில் சேராத அந்த நிழல்தான்.

நிழலைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. ஒரு புல் கிடையாது. வேர்கள் மேலே எழும்பிக் கிடக்க, மிச்சமெல்லாம் மொட்டை மண். பலா இலை கனமானது, விழுந்தால் பொத்தென்று சத்தம் கேட்கும். ராத்திரி விழுந்ததையெல்லாம் காலையில் எழுந்ததும் நான் கூட்டி அள்ளிவிடுவேன். நான் பவானிப் பக்கம். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வாசல் கூட்டாதவள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நான் கூட்டி முடித்தால் அந்த மண் வழித்த வாணலி மாதிரி இருக்கும். அதைப் பார்த்து எனக்கு நானே மெச்சிக்கொள்வேன்.

வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை, லூனாவில் போய் வருவார். அவருடைய கணவர் ரிட்டயர் ஆனவர். நாங்கள் வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் அந்த மரத்தடிச் சேற்றில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நன்றாக நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் மனிதர் வெளியே வர மாட்டேன் என்றார். கையில் தடியோடு வீட்டுக்குள் நடப்பார், பின்கட்டு வாசற்படி வரைக்கும் வருவார், மண்ணைப் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொன்ன அதே மூச்சில் மேடம் இதையும் எனக்குச் சொன்னார். எனக்கு அவர் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ரேடியோ, ஒரு இருமல், அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார் மேடம். மேஸ்திரி மரத்தைச் சுற்றி நடந்து, செருப்புக் காலால் வேர்களைத் தட்டிப் பார்த்தார். மேலே தெரிகிற வேரையெல்லாம் செதுக்கிவிட்டு முழுக்க சிமெண்ட் போட்டுவிடலாம், பிடித்து நடக்கக் கம்பியும் வைக்கலாம் என்றார். மரம் தாங்குமா என்று கேட்டேன். அதை நான் எப்படிச் சொல்வது என்றார். மரம் போனால் என் பகல் போச்சு. அது போக, சிமெண்டுத் தரையில் அடிக்கிற வெக்கை எப்படியிருக்கும் என்று மைசூர்க்காரர்களுக்கு என்ன தெரியும். எங்கள் ஊரில் வந்து கேட்கட்டும்.

நான் மேடத்திடம் போய் என் ஓட்டைக் கன்னடத்தில் மன்றாடினேன். மண் சேறாவதுதானே பிரச்சினை, நான் அங்கே செடி கொடி வைத்துச் சேறு இல்லாமல் செய்து தருகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நனகெ மர முக்ய அல்லம்மா,” என்றார். “அவரு ஹொரகெ பர்பேகு. அஷ்டெ.”

எனக்கு மரம் முக்கியம் இல்லை, அவர் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். சரி, தீபாவளி வரைக்கும் பார்க்கலாம், அப்போதும் அவர் படி இறங்கவில்லை என்றால் சிமெண்ட் என்று முடிவு செய்தார்.

நான் முழு வேகத்தில் இறங்கினேன். முதலில் மல்லிகை. மைசூரில் இருந்துகொண்டு மல்லிகை வைக்காமல் இருப்பதா? அது ஒரு மொட்டு விடாமல் கொடியாக இழுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வெயிலைத் தேடிப் போய்விட்டது. செவ்வந்தி வைத்தேன், நரைத்துப்போய்ச் செத்தது. அறுகம்புல்லைப் பத்தையாகப் பெயர்த்து வந்து பதித்தேன், ஒரே வாரத்தில் மஞ்சளாகி, காலையில் கூட்டும்போது விளக்குமாற்றோடு வந்துவிட்டது. நிழலில் எது வரும் என்று யோசிக்காமல் எனக்கு எது வேண்டும் என்று நட்டுக்கொண்டிருந்தேன். மேடம் ஆபீஸ் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் லூனாவை உதைத்துக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: “மரத கெளகெ எலெ ஹாகம்மா, சாகு.”

மரத்துக்குக் கீழே எலெ போடு, போதும். இங்கே என் கன்னடப் புலமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைசூருக்கு வந்த புதிதில், விருந்தாளி வருகிறார்கள் என்று பெட்டிக்கடையில் போய் “எலெ கொடி”, இலை கொடுங்கள், என்று கேட்டேன். சாப்பாட்டு இலையைத்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு கட்டு வெற்றிலையை எடுத்துக் கையில் கொடுத்தார். இல்லை, எலெ, சாப்பிடுகிற எலெ என்றேன். இதுவும் சாப்பிடுகிற எலெதானம்மா என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன், இந்த ஊரில் எலெ என்றால் வெற்றிலை, சாப்பாட்டு இலைக்கு ‘பாளெ எலெ’ என்று சொல்ல வேண்டும் என்று. சூடு பட்டுக் கற்றது, மறக்குமா?

ஆக, மேடம் வெற்றிலை போடச் சொல்லிவிட்டுப் போனார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு சரி. வெற்றிலைக்கு நிழல்தான் வேண்டும். மைசூர் வெற்றிலைக்கு இருக்கிற பெயர் ஊருக்கே தெரியும். எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம், “மேடம் வெத்தலைக் கொடி வெக்கச் சொல்லீட்டாங்க,” என்றேன். எலெ என்று சொல்லியிருந்தால் அவர் திருத்தியிருப்பார். அவருக்கு ஊர் ஹனூர்ப் பக்கம், கன்னடம் தண்ணி பட்ட பாடு. நான்தான் மொழிபெயர்த்தே கொடுத்துவிட்டேனே.

அவர் முகம் சுருங்கியது. “வெத்தலெயா? அது பட்டுப்போனா ஊட்டுக்கு ஆகாதும்பாங்க புள்ள. பாத்துக்க.”

“அது அவங்க ஊட்டுக்கு. நாம வாடகெக்குத்தான இருக்கறம்,” என்றேன்.

மார்க்கெட்டில் வெற்றிலை விற்கிறவரிடம் சொல்லிவைத்து, அவர் தோட்டத்திலிருந்து கணுக் கணுவாக வெட்டிய கொடித்துண்டுகளை வாங்கி வந்தேன். மரத்தடியில் குழி பறிக்க முடியவில்லை, எங்கே கொத்தினாலும் வேர். கடைசியில் வேருக்கும் வேருக்கும் நடுவில் கிடைத்த சந்துகளில் மக்கின சாணியைப் போட்டு, ஒவ்வொரு துண்டாக ஊன்றி, வாழைநாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டினேன். சாரல் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மேடம் சாயங்காலம் வந்து பார்த்தார். ‘ஓ’ என்றார். ஏதோ எங்கள் வழக்கம், சாமி சமாச்சாரம் என்று நினைத்திருப்பார் போல. மேற்கொண்டு கேட்கவில்லை.

வெற்றிலைக் கொடி இருக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் முன்னைவிட மும்முரமாகக் கூட்டினேன். ஒரு சருகு அங்கே தங்க விடவில்லை. மழை விட்ட நாட்களில் அந்த மண் காய்ந்து இறுகியது, மழை பெய்தால் வழுவழுவென்று ஆனது. கொடித்துண்டுகள் சிலது துளிர்த்தன, பலது ஓரத்தில் மஞ்சளாகின. அந்த மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் என் கணவர் சொன்னது ஞாபகம் வந்து எனக்குக் கோபம்தான் வரும்.

ஆகஸ்டில் ஒரு காலை, மேடம் ஆபீஸ் போன பிறகு கூட்டிக்கொண்டிருந்தேன். “கூட்டாதேங்கோம்மா,” என்று ஒரு குரல்.

நான் திரும்பிப் பார்த்தேன். கேட் பக்கம் ஆளில்லை. “இங்கே, இங்கே,” என்றது குரல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அந்த இலையை விட்டுடுங்கோ. அது அங்கேயே கெடக்கட்டும். அவ எலெ ஹாகுன்னு சொன்னது அதைத்தான். சருகை மரத்தடியில பரப்புன்னு சொன்னா. நீங்க வெத்தலெ நட்டுட்டேள்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் வந்து, அது அடங்கி, மறுபடியும் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் வெட்கப்படுவதற்குக்கூட அவகாசம் இல்லை, ஆச்சரியம் முந்திக்கொண்டது.

“சாருக்குத் தமிழ் தெரியுங்களா?”

“ஆத்துத் தமிழ்,” என்றார். “வெளியே எடுத்துண்டு போற தமிழ் இல்லை.”

மேல்கோட்டையிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. வீட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக ஒரு பழைய தமிழ் பேசியிருக்கிறார்கள், இடையிடையே கன்னடம் கலந்து. வாலிபத்தில் மெட்ராஸுக்குப் போனபோது பஸ்ஸில் அந்தத் தமிழைப் பேசினாராம், கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தாராம். அதிலிருந்து தமிழர்களைக் கண்டால் கன்னடம்தான். மேடம் தார்வாட் பக்கம், ஆபீஸில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். “அம்மா போனதுக்கு அப்புறம் இந்த ஆத்துல இந்தப் பாஷைக்கு ஆளில்லை. அவளுக்கு ஒரு வார்த்தை வராது,” என்றார்.

“அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க சார், தப்பா நட்டுட்டன்னு?”

“சொன்னா பிடுங்கிடுவேளே,” என்றார். “எனக்கு வெத்தலெ பிடிக்கும்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தமிழ்க் குடும்பங்கள் நடுவில் ஒரு மரத்தை வைத்துக்கொண்டு கன்னடத்தில் திண்டாடியிருக்கிறோம்.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டேன். இதை எழுதுவது சுலபம், செய்வது எனக்குச் சுலபமாக இல்லை. மறுநாள் காலை அத்தனை இலையும் கிடந்த கிடையாகக் கிடக்க, நான் எங்கள் வாசற்படி முன்னால் மட்டும் ஒரு பாய் அகலம் தெளித்துக் கோலம் போட்டேன். கை அரித்தது. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

இலைகளைக் கையால் கசக்கி நொறுக்கி, சாணிக் கரைசல் தெளித்து, வேர்களுக்கு நடுவே பரப்பினேன். மழை அதைப் பதமாக்கியது. கொஞ்ச நாளில் கையை உள்ளே விட்டால் கருப்பாக, ஈரமாக, நல்ல வாசனையோடு மண் வந்தது. மஞ்சளாகியிருந்த கொடிகள் தேறின. சிலது மரத்தில் ஏறாமல் தரையிலேயே படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, பளபளவென்று போயின. சமையலறையில் முளைத்துக் கிடந்த சேப்பங்கிழங்கை ஓரமாக ஊன்றினேன், அது யாரையும் கேட்காமல் முறம் முறமாக இலை விட்டது. என் கணவர் ஊருக்குப் போனபோது ஓடைக்கரையிலிருந்து பெரணிச் செடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வெற்றிலை பிழைத்துக்கொண்டதில் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நிம்மதி.

வழியையும் அவர்தான் போட்டார். கட்டட வேலை செய்கிற நம் தமிழ் ஆட்களிடம் உடைந்த செங்கல் கேட்டு வாங்கி வந்து, வீட்டுக்காரர்களின் பின்படியிலிருந்து மரம் வரைக்கும், வேர் வரும் இடத்தில் வளைந்து கொடுத்து, மணலில் பதித்தார். சிமெண்ட் பூசவில்லை. தண்ணீர் இறங்கிப் போய்விடும், வேருக்கும் மூச்சு விட இடம் இருக்கும். நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை.

சார் மட்டும் வெளியே வரவில்லை.

தினமும் ஜன்னலில் நின்று பேசுவார். எந்தக் கொடி எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். “ஒரு இலை கிள்ளிக் குடுங்கோளேன்,” என்பார். “வந்து பறிச்சுக்குங்க சார்,” என்பேன். “நாளைக்கு,” என்பார். மறுநாளும் நாளைக்குத்தான். ஒரு முறை பின்படி வரை வந்து நின்றார். தடியைக் கீழே மண்ணில் ஊன்றினார், உடனே எடுத்துக்கொண்டார். பயப்படுகிற மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பது நாகரிகமில்லை என்று நான் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது படியில் யாரும் இல்லை. அன்றைக்கு எனக்குத் துக்கமாக இருந்தது. பிடிவாதத்தை விட்டு ஒரு இலையைக் கிள்ளிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கொடுக்கவில்லை.

தீபாவளி வந்து போனது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே மணல் இறங்கியது. மேடம் என்னிடம் வந்து, தோட்டம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, அதில் குறையே இல்லை என்றார். பிறகு, அவர் இன்னும் உள்ளேதானே இருக்கிறார் என்றார். பேசினது அதுதானே. கம்பி பிடித்தாவது வருவார் என்று மேடம் நம்பினார். மேடத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மேஸ்திரி குனிந்து வழியின் முதல் செங்கல்லைப் பெயர்த்தார்.

“ஸ்வல்ப நில்லப்பா,” என்றது பின்படியிலிருந்து குரல். கொஞ்சம் நில்லு.

அவர் படியில் நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மேஸ்திரி செங்கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பெயர்த்ததை வைத்துவிடு என்று அவர் கன்னடத்தில் சொன்னார். மேஸ்திரி வைத்தார், காலால் அழுத்தியும் விட்டார். தடி முதலில் இறங்கியது, அப்புறம் நல்ல கால், அப்புறம் மற்றக் கால். மேடம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

செங்கல் செங்கல்லாக வந்தார்கள். வேருக்காக வழி வளைகிற இடத்தில் ஒரு கல் லேசாக ஆடியது. அவர் உடம்பு முழுக்க விறைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாள் என்னோடு பேசிப் பேசி நாக்கு அந்தப் பக்கமே பழகியிருந்ததோ என்னவோ, தமிழில்தான் வந்தது: “கையை விட்டுடாதே.”

மேடத்துக்குப் புரியாதே என்று நான் பாயைவிட்டு எழுந்தேன்.

“விடலை,” என்றார் மேடம். “பிடிச்சுண்டுதான் இருக்கேன்.”

அவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். ஆடுகிற கல் மேல் நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

“உனக்கு இது வருமா?”

“உங்கம்மா அத்தனை வருஷம் என்னைப் பத்தி என் முன்னாலேயே பேசினாளே, அதெல்லாம் யார் கேட்டுண்டிருந்தான்னு நெனச்சேள்?” மேடத்தின் குரலில் கோபம் இல்லை. பிடியும் தளரவில்லை. “காலைப் பாத்து வையுங்கோ.”

அவர் காலைப் பார்த்து வைத்தார்.